கேப்டனின் கடைசி ஷாட்

"மூச்சை உள்ளே இழுடா."

"இழுத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணா, இதுக்கு மேல உள்ளே இடமில்லை," என்று ஃபெலிக்ஸிடம் சொன்னான் கேப்டனாக நடிக்கும் அய்யாக்கண்ணு. விண்வெளிக் கேப்டனின் வெள்ளி உடை அவன் தொப்புளைத் தாண்ட மறுத்தது.

தன் சிறுவயதிலேயே பாதியில் நின்றுபோன ஒரு டிவி தொடரின் முடிவைத் தானே படமாக்குவதென்று, பாலாநகரில் வேலை பார்க்கும் ஃபெலிக்ஸ் கிளம்பிப் பதினோரு வருடமாகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொண்டாப்பூர் வீட்டு ஹால்தான் விண்கலம். பாக்கி ஒரே ஷாட். கேப்டன் வில்லனை மன்னித்து லீவரை இழுக்க வேண்டும்; வில்லன் அடைபட்டிருக்கும் பனிப்பெட்டி திறந்து, புகைக்குள்ளிருந்து ஒரு கை நீள வேண்டும். பெட்டி, ஃபெலிக்ஸின் பழைய ஃபிரிட்ஜ். கையும் அவனுடையதே.

மாலை ஐந்துக்குத் திரையிடல். தொடரில் வில்லனாக நடித்த ஆரோக்கியசாமியே ராமச்சந்திராபுரத்திலிருந்து வருகிறார். அவர் முகம் சுளித்தால் பதினோரு வருடமும் பாழ் என்று ஃபெலிக்ஸுக்குக் கவலை.

முதுகுத் தையலைப் பிரித்தார்கள். உடை ஏறியது. அய்யாக்கண்ணு மூச்சு விட்டான். மார்பிலிருந்த சிவப்பு பல்பு தெறித்துக் கேமராவில் மோதியது.

"சரி, ஹெல்மெட் போட்டு முகத்தை மட்டும் எடுப்போம்."

கண்ணாடியில் ஆவி படிந்து முகமே தெரியவில்லை. கழற்றப் பார்த்தால் வரவுமில்லை.

"நக்கோ அண்ணா, இழுக்காதீங்க! காது பிய்யுது!"

ஃபெலிக்ஸின் மனைவி ப்ரியம்வதா தேங்காய் எண்ணெயோடு ஓடி வந்தாள். "ஃபிரிட்ஜைப் பெட்டியாக்கினீங்க. இப்ப மனுஷனை ஊறுகாய் போடணுமா?"

ஹெல்மெட் வெளியே வரும்போது மணி மூன்றரை. உடையோ ப்ரியம்வதாவுக்குத்தான் கச்சிதமாக இருந்தது.

"முதுகைக் காட்டி நின்னா போதும்மா."

"பதினோரு வருஷம் வடை சுட்டதுக்கு பிரமோஷனா?"

ஃபெலிக்ஸ் ஃபிரிட்ஜுக்குள் ஒடுங்கினான். கேமரா அய்யாக்கண்ணுவிடம். ப்ரியம்வதா இழுத்த வேகத்தில் லீவர் கையோடு வந்துவிட்டாலும் பெட்டி திறந்தது. ஒரே டேக். அந்த ஷாட்டை அவசரமாகப் படத்தோடு ஒட்டி, அரங்குக்கு ஓடினார்கள்.

திரையில்தான் ஃபெலிக்ஸ் பார்த்தான். கேப்டனின் முதுகில் நீளமான பின்னல் ஆடிக்கொண்டிருந்தது, நுனியில் ரோஸ் நிற ரப்பர் பேண்டோடு. அரங்கம் குலுங்கியது.

"டேய், நீ பார்க்கலையா?"

"ஹவ் அண்ணா, பார்த்தேன். ஸ்டைலா இருந்துச்சு, விட்டுட்டேன்."

புகைக்குள்ளிருந்து கை நீண்டதும் சிரிப்பு அடங்கியது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. ஃபெலிக்ஸ் ஆரோக்கியசாமியிடம் போனான்.

"ஐயா, அந்தப் பின்னல்... மன்னிச்சிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தப் பின்னல்? தொடரை நிறுத்தினப்போ என்னை அந்தப் பெட்டிக்குள்ளயே பூட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி. இருபத்தாறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வெளியே வரேன்."