இரும்புப்பிடி வீட்டில் ஓர் ஈரப் போர்வை

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: தலைமை, நான். என் மனைவி கன்னியம்மாள், கையில் ஈரப் போர்வையுடன். மகன் பூபாலன், கைப்பேசியுடன். அரக்கோணத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மருமகள் ஷோபனா. மிக்ஸி பழுதுபார்க்க வந்து, வேலை முடிந்தும் போகாத கலீம் பாய்.

திருத்தணியில் மலைக்கு அடுத்தபடியாக அசையாதது எங்கள் குடும்பத்தின் பிடி. மிரண்டு ஓடிய காளையைத் திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டத்தில் கொம்பைப் பிடித்து நிறுத்தியவர் என் பாட்டனார். அன்றிலிருந்து நாங்கள் 'இரும்புப்பிடி வீட்டார்'. அந்தப் பெயருக்கு இப்போது ஓர் ஆபத்து. கன்னியம்மாளின் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது.

"மாமா, விரல் நுனியில ஒரு கிலோ அழுத்திப் புடிச்சா, கட்டைவிரல் அடி மூட்டுல பத்து கிலோவுக்கு மேல ஏறும்" என்றாள் ஷோபனா. "தேங்கா துருவறது, ஊறுகா பாட்டில் தெறக்கறது, எல்லாம் அங்கதான் போய் உக்காருது. அத்தை இனிமே துணி புழியவே கூடாது."

"பேரிங் தேஞ்சி போச்சிமா" என்றார் கலீம் பாய். "மிக்ஸின்னா மாத்திடுவேன். இதுக்கு ஸ்பேர் கெடைக்காது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பத்து கிலோ! கேட்டியாடா பூபாலா? அதான் நம்ம வம்சத்து ரத்தம்!"

"அக்கா கே.ஜி.கண்டிகைலர்ந்து வாக்கப்பட்டு வந்த பொண்ணாச்சே, பெரியவரே?"

பாயின் இந்தக் குறுக்கீடு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

"நைனா, வாஷிங் மெஷினு ஆஃபர்ல வந்துகினு இருக்குது" என்றான் பூபாலன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மெஷினா? இரும்புப்பிடி வீட்ல புழிய ஆள் இல்லன்னு ஊரு சிரிக்காது?"

மெஷின் நிராகரிக்கப்பட்டது. பதிலாக, இவ்வளவு சுமை தாங்கிய விரலின் 'தியாகத்தை'ப் பாராட்டி, அதற்கு உரியவருக்குப் பொன்னாடை போர்த்துவதென நான் ஒருவனாகவே ஒருமனதாகத் தீர்மானித்தேன். கன்னியம்மாள் ஆதரித்துக் கை தூக்கவில்லை. தூக்கினால் வலிக்குமாம்.

"பொன்னாடையையும் நான்தானே தொவைக்கணும்?" என்றாள் அவள். பிறகு எழுந்து என் எதிரே வந்து நின்றாள். "ஆங், மெஷினு வேணாங்க. வம்சத்துப் பிடிதான் வீட்ல குந்திகினு இருக்குதே. இந்தாங்க, புடிங்க!"

போர்வையை நீட்டினாள். விட்டும் விட்டாள்.

அது என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததாக மறுநாளே கடைத்தெருவில் ஒரு வதந்தி. யார் பரப்பியது என்பது மிக்ஸி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வன்மையாக மறுக்கிறேன். என் கையிலிருந்து எதுவும் நழுவவில்லை. நழுவ வேண்டுமானால் முதலில் நான் பிடித்திருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் ஓர் ஈரத்துணியைக்கூட நான் தொட்டதே கிடையாது.