ராகு காலம் முடியும்வரை லோகோ ஷெட்

பேச்சு வரும் ஆளிடம் விருந்தாளியை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு இந்தப் புத்தி வந்தபோது அக்காவின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று எல்லையை இழுத்துக்கொண்டிருந்த காலம். நிலம் வைத்திருந்தவனுக்கெல்லாம் தூக்கம் போயிற்று. திருப்பதிக்குப் பக்கத்தில், ரெயில் பாதைகள் கூடிப் பிரியும் ஊர் எங்களுடையது. நைனா ஒரே பிடியாக இருந்தார்.

"கோடு எந்தப் பக்கம் வுழுந்தா இன்னா? ரெயில்வே உத்தியோகம் நவுராது. எம்பொண்ணு கழனியில குனியக் கூடாது."

அப்படித் தேடிக் கண்டுபிடித்த மாப்பிள்ளைதான் மாணிக்கம். கார்வேட்டிநகரம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊர் லோகோ ஷெட்டில் சேரச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. இன்ஜின் துடைப்பதில் ஆரம்பித்து, அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகி, கடைசியில் டிரைவராகவே ஆகலாம்.

வெள்ளிக்கிழமை காலை பெண் பார்க்க ஏற்பாடு. வண்டி தாமதம். மாணிக்கமும் அவர் அம்மாவும் வந்து இறங்கியபோது ராகு காலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு மணிவரை எங்கள் வாசற்படி மிதிக்க முடியாது. நைனா என்னைத் தனியே இழுத்து, அதுவரை ஊரைச் சுற்றிக் காட்டு, மகன் வேலை செய்யப்போகும் இடத்தைப் பார்த்தால் அந்த அம்மாவுக்கும் பெருமையாக இருக்கும் என்றார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில் டம்ளர் கழுவியவன் நான். ஊரின் ரெயில் சரித்திரம் முழுக்க என் நாக்கு நுனியில் இருந்தது. (நிலக்கரி எந்தக் கப்பலில் வந்தது என்பதுவரை சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.) ஒரே ஒரு கோளாறு. ஒழுங்காக ஓடிய வண்டியைப் பற்றி டீக்கடையில் எவனும் பேசமாட்டான்.

இன்ஜினைத் திருப்பும் வட்டமேடையைக் காட்டினேன். அதில் ஒருவருக்குக் கால் போன கதையையும் சேர்த்தேன். சாம்பல் குழியைக் காட்டி, தவறி விழுந்தவரை எப்படித் தூக்கினார்கள் என்று கைகளால் அபிநயம் பிடித்தேன். எதிரே இருந்த அரிசி ஆலையையும் விடவில்லை. பாய்லர் வெடித்தபோது கதவு எவ்வளவு தூரம் பறந்தது என்று நடந்தே காட்டினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வியப்பில் வாயடைத்துவிட்டார்கள் என்று எண்ணி இன்னும் உற்சாகமானேன்.

ஷெட்டின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் குங்குமம் அப்பிய ஒரு கல். முன்னால் கற்பூரம் எரிந்த கரி. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

"இது இன்னா சாமிப்பா?"

"சாமி இல்லீங்க. ஃபயர்மேன்."

கூப்பிய கை அப்படியே நின்றது. மாணிக்கம் என்னைப் பார்த்த பார்வையில் அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிலைமையைச் சரிசெய்ய வேண்டுமே!

"இப்பல்லாம் ரொம்பக் கொறஞ்சி போச்சுங்க" என்றேன்.

பன்னிரண்டு அடித்ததும் வீட்டுக்கு வந்தோம். அக்கா காபி கொடுத்தாள். அந்த அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையில் தன் கையாலேயே பூ வைத்தார்கள். நைனாவின் முகம் மலர்ந்தது. பூ வைத்த பிறகுதான் அந்த அம்மா பேசினார்கள்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிக்கீது. வேலதான் புடிக்கல. எம்புள்ள கல்லா நிக்க வாணாம். மாடு ஓட்டிக்கினு உசுரோட கெடக்கட்டும்."

வைத்த பூவை எடுக்கச் சொல்ல முடியுமா? நைனா கல்யாணத்துக்குத் தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

எல்லைக் கோடு விழுந்து, சண்டையும் அடங்கிப் போயிற்று. மாணிக்கத்துக்குப் பதிலாக ஷெட்டில் சேர்ந்தவர் டிரைவராகி, கை கால் முழுசாக ஓய்வுபெற்று, பென்ஷன் வாங்கினார். அக்கா கார்வேட்டிநகரம் கழனியில் நாற்று நட்டாள். மாணிக்கம் மாமா தன் கொல்லையில் கரும்பு ஆட்டும்போது ஆலையில் இரண்டு விரலைக் கொடுத்தார்.

இன்றும் அக்கா வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், காபி முடிந்ததும் எல்லோரையும் கொல்லைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். துருப்பிடித்த அந்த ஆலைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்துவாள்.

"சொல்லுடா. நீதான் நல்லா சொல்லுவ."

நான் சொல்வேன். உரிய இடம் வந்ததும் மாமா கையைத் தூக்கிக் காட்டுவார்.