சூரோன்பாயின் தங்கவேர்ச் சொட்டு

நாரின் என்ற மலைநகரில் எங்கள் மல்யுத்தக் கூடத்து வாசலில் அந்த வசந்தம் முழுக்க வரிசை. பனி உருகிச் சேறானபோதும் கலையவில்லை. உள்ளே சூரோன்பாய், மலையுச்சியில் முளைக்கும் தங்கவேர் மூலிகையைக் காய்ச்சி இறக்கிய சொட்டு மருந்து விற்றார். காலையில் பத்துச் சொட்டு போதும், தசை அசதி பறந்துவிடும், ஓய்வே தேவையில்லை என்றார். எந்தப் பயிற்சியாளருக்குத்தான் இது கசக்கும்?

அத்தாட்சியும் காட்டினார். வீரனின் நீட்டிய கையை அழுத்துவார், இறங்கிவிடும். மறுகையில் சீசாவைக் கொடுத்து முதல் கையையே மறுபடி அழுத்துவார், இரும்பாக நிற்கும். பிடித்தாலே பலம் என்றால் எதற்குக் குடிப்பது? வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.

பெண்கள் அணியின் பெகிமாய் கேட்டாள். அவள் தம்பி உலர்பெக் சொட்டை நம்பி ஒன்பது நாள் ஓய்வின்றிப் பயிற்சி செய்தான். சிறுநீர் கறுந்தேநீர் நிறமானது. நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்று சூரோன்பாய் தட்டிக்கொடுத்தார். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது என்றார் மருத்துவர். பையன் பிழைத்ததே பெரிது.

மறுநாள் துணி சுற்றிய பத்துச் சீசாக்களுடன் பெகிமாய் வந்தாள். ஐந்தில் தங்கவேர்ச் சொட்டு, ஐந்தில் குதிரைச் சாணம் கரைத்த தண்ணீர். எது எதுவென்று அடுத்த அறையில் இருந்த கூடத்துச் சமையல்காரிக்கு மட்டுமே தெரியும். கை நீட்ட வந்தவர் தெமிர்குல்: கூடத்திலேயே பலசாலி, சூரோன்பாயின் பரம பக்தர்.

"துணி எதுக்கும்மா? வேருக்கு வெளிச்சம் படணும்" என்றார் சூரோன்பாய்.

"தெமிர்குல் அண்ணன் வயித்துக்குள்ள மட்டும் வெளிச்சமா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. மறுத்தால் வியாபாரம் படுத்துவிடும். அழுத்தினார். ஆறு சீசாவுக்குக் கை நின்றது. சமையல்காரி வந்து பிரித்தாள். ஆறில் நான்கு சாணம்.

சூரோன்பாய்க்கு இன்று கிரகம் சரியில்லை போலும் என்று யாரோ பரிந்து பேசினார்கள். தெமிர்குல் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"மொதல்ல மணிக்கட்டுல அழுத்துவாரு, சீசா வந்தப்புறம் முழங்கைகிட்ட அழுத்துவாரு, அங்க அழுத்துனா யாரு கையும் லேசுல எறங்காது. எனக்கு எப்பவோ தெரியும். பலம் வந்துருச்சுன்னு நெனைக்க ஆசையா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"அந்த ஆசைக்கு என் தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கான்ணே."

அதற்குள் சூரோன்பாய் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தசை வலி இல்லாத கால்கள் அவை.

தங்கவேர் மேல் குற்றமில்லை. அது பாட்டுக்கு மலையில் முளைக்கிறது. தோளுக்கும் தொடைக்கும் அத்தனை பயிற்சி கொடுக்கிறீர்களே, கழுத்துக்கு மேலே உள்ளதற்கும் தினம் கொஞ்சம் கொடுத்தால் என்ன?