செவ்வாய்க்கிழமைத் தண்ணிச் சங்கம்

நூலகத்து மாடிப்படி ஏறும்போதே மெத்தைக்காரருக்குக் கால் பின்னியது. குடித்ததால் அல்ல, குடிக்காததால். நான்கு நாளாகத் தொடவில்லை, நான்கு நாளாகத் தூக்கமும் இல்லை. ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுக்கிற மனிதருக்கு ஒரு கொட்டாவிகூடக் கைகூடவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் கடையில் பறக்கிற பஞ்சு எதிரே மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

"நூலகத்து மாடியில செவ்வாய்க்கிழமை குடியை விடுறவங்க கூட்டம் நடக்குதாம். ஆறு வாரம் போங்க. ஆறாவது வாரம் நானே வந்து பார்ப்பேன். அப்புறம்தான் வீட்டுக்கு வர்றதைப் பத்திப் பேச்சு" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மாடிக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'தண்ணீர்ப் பிரச்சினை உள்ளவர்கள் கூட்டம்.' பச்சையாக எழுதி மானத்தை வாங்காமல் எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தபடி நுழைந்தார்.

உள்ளே பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வெயில் நாற்காலிக் கால்களுக்கிடையே படுத்திருந்தது. மின்விசிறி சுற்றுகிறதா, யோசிக்கிறதா என்று தெரியவில்லை.

"வாங்க, உட்காருங்க" என்றார் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "எத்தனை நாளா தண்ணி பிரச்சினை?"

"பதினேழு வருஷமா சார்."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

"தினமுமா?"

"முதல்ல ஞாயித்துக்கிழமை மட்டும். அப்புறம் தினமும் சாயங்காலம். இப்போ விடிஞ்சதுமே."

"வீட்டுல?"

"பொறுத்துப் பொறுத்துப் பார்த்தா. அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

"எங்க வீட்டுலயும் இதனாலதாங்க அவர் பேசுறதை நிறுத்திட்டாரு" என்று பக்கத்து நாற்காலிப் பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெத்தைக்காரருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் கனவில் பேசுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். முடித்ததும் வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"அப்போ உங்க குழாயையும் நம்ம பட்டியல்ல சேர்த்துக்கலாம்."

"குழாயா?"

"தண்ணி பிரச்சினைன்னா வேற என்ன?" வாத்தியார் சட்டென்று கேட்டார். மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று மெத்தைக்காரருக்குப் புரிந்தது. மாற்றான் சபையில் வந்து மானத்தைக் கொட்டியாயிற்று. "ஆமா சார், குழாய்தான். சொட்டுச் சொட்டா வருது" என்றார்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். ஆனால் படுத்தவர் விடிந்துதான் எழுந்தார். அடுத்த செவ்வாய் கால் தானாகப் படியேறியது.

கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அவரையே செயலாளர் ஆக்கினார்கள். மூன்றாம் வாரம் வாய்தவறி, "நேத்து கிட்டப் போயிட்டேன். கை நடுங்கிச்சு. அப்படியே திரும்பி வந்துட்டேன்" என்றார்.

"குழாய்கிட்டயா?"

"குழாய்கிட்டதான்."

பல் டாக்டரம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். குழாய்க்குப் பயந்த மனிதனுக்கு இவ்வளவு ஆறுதலா என்று அவருக்கே ஆச்சரியம்.

நான்காம் வாரம் செயலாளர் என்ற முறையில் அவரே குடிநீர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டியதாயிற்று. பதினோரு பேர் விலாசமும் போட்டார். மனு கொடுத்தவுடன் எந்த ஆபீஸ் அசைந்திருக்கிறது என்ற தைரியம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஐந்தாம் வாரமே பதில் வந்தது. வீடு வீடாகச் சோதனை போட்டு, அடுத்த செவ்வாய் கூட்டத்திலேயே முடிவு சொல்வார்களாம்.

அவர் வீட்டுக் குழாயோ அருவி. வேறு வழி தெரியாமல் அதன் வாயில் மெத்தைப் பஞ்சை அடைத்து வைத்தார். பரிசோதகர் திறந்ததும் பஞ்சு பீய்ச்சியடித்துக்கொண்டு போய் அவர் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்து, குறிப்பு எழுதிக்கொண்டு போனார்.

ஆறாம் செவ்வாய். சொன்னபடி மனைவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த நேரம் வந்தா மனசு பதறும். இப்போ பதறலைங்க" என்று பல் டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி மெத்தைக்காரரின் கையை மெதுவாகப் பற்றிக்கொண்டாள். நடுக்கம் இல்லாத அந்தக் கையை அவள் பார்த்து எத்தனையோ வருஷம். இந்தச் சாயங்காலம் இப்படியே நின்றுவிடக்கூடாதா என்று அவருக்கு இருந்தது.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பரிசோதகர் கோப்போடு வந்து நின்றார்.

இருப்பதிலேயே பொய்க் குழாய்க்காரன் தான் ஒருவன்தான். இப்போது அம்பலமானால் அவள் எழுந்து போய்விடுவாள். மறுபடி அழைக்க முகமும் இருக்காது. "சார், வெளியில போய்ப் பேசலாமா?" என்று எழுந்தார் மெத்தைக்காரர்.

"அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்று வாத்தியாரும் எழுந்தார். பல் டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

பரிசோதகர் கோப்பைப் புரட்டினார்.

"பதினோரு வீட்டுக் குழாயும் திறந்து பார்த்துட்டேன். எல்லாத்துலயும் தண்ணி கொட்டுது. அப்புறம் பதினோரு பேரும் வாராவாரம் எதுக்குங்க இங்க வந்து உட்கார்ந்து அழறீங்க?"