மணல்திட்டில் ஊத்துத் தோண்டிய மாப்பிள்ளை

தண்ணீர் ஓடும் ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு அடக்கம் இருக்கும். வெறும் மணல் கிடக்கும் ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அது கிடையாது. விருத்தாசலத்தில் நாங்கள் ஆற்றில் இறங்கி, கையால் மணலைப் பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடித்தவர்கள். மணல் இருந்தால் நல்ல தண்ணீர் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. போதாததற்குப் பீங்கான் பட்டறையில் வேலை. மண்ணைப் பார்த்தே ஜாதகம் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

கல்யாணமான புதிதில் மனைவி கலாவையும் மாமனாரையும் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு மணல்திட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் மணல்.

மாமனார் பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர். பேச்சு குறைவு. பெண் பார்க்கப் போன அன்று, "பையனுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது" என்று மட்டும் சொன்னவர், யோசித்து யோசித்துத்தான் பெண் கொடுத்தார். அந்த யோசனை அவருக்கு இன்னும் முடியவில்லை என்று எனக்கு உறுத்தல். அன்றைக்கு அதை முடித்துவைப்பதுதான் என் திட்டம்.

படகேறும் இடத்துக்கு அவர் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு மாமா? மணலு இருக்குது இல்ல. ரெண்டு முழம் பறிச்சா எளநி மாதிரி ஊறும்."

அவர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாப்ள சொன்னா சரிங்க" என்று அதை டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார்.

படகுக்காரர் எங்களைத் திட்டில் இறக்கிவிட்டு, "வெயில் சாய வரேன்" என்று போய்விட்டார்.

கட்டிப்போனது புளிசோறு. அது உள்ளே போனதும் தண்ணீர் கேட்டது. பேண்டை மடித்துவிட்டுத் தோண்டினேன். ஊறியது. கை நிறைய அள்ளி (ஊருக்கே குளம் வெட்டிய ராஜா மாதிரி) முதல் வாய் நானே குடித்தேன்.

"எப்பிடி இருக்குது?" என்றாள் கலா.

"ஆழம் பத்தல."

மேட்டில் ஏறித் தோண்டினேன். உப்பு. சரிவில் தோண்டினேன். அது அசல் ஊறுகாய் ஜாடி. திட்டு முழுக்கப் பெருச்சாளி புகுந்த மாதிரி ஆகிவிட்டது.

"வாய் நீளமா இருந்தா தாகமும் நீளம்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் கலா, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டே. சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நம்பிக் கொடுத்த பெண்ணை, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே நா வறள வைத்திருக்கிறேன்.

மாமனார் எழுந்து வந்தார். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் துண்டை இடுப்பில் இறுக்கி, குழிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா. உப்புதான் வரும்."

"தெரியுங்க. மாப்ள தோண்டையில மாமனாரு சும்மா குந்தியிருந்தா ஊரு என்னா சொல்லும்?"

கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊர் என்று இருந்தது ஒரு நண்டுதான்.

படகு வரும்வரை இருவரும் தோண்டினோம். கலா சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்ததை மாமனார் சொன்னார், ஆலைக்குக் கரும்பு ஏற்றிய கதையைச் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். டீக்கடைக்கு வந்ததும் கேனைக் கலாவிடம் கொடுத்தார். அடுத்து என்னிடம் நீட்டினார். கடைசியாகத்தான் அவர் குடித்தார்.

அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துச் சொல்ல எங்கள் வூட்டில் ஆள் இருந்தது. இன்றுவரை நான் எதை அடித்துச் சொன்னாலும், "தோண்டிப் பாத்துட்டுச் சொல்றீங்களா?" என்பாள் கலா.

போன வருஷம் புது வீட்டுக்கு போர் போட்டோம். கலங்கல் போய்த் தண்ணீர் தெளிந்தும் ஒருத்தரும் வாய் வைக்கவில்லை. பெண்ணாடத்திலிருந்து மாமனார் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார், சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார், அதே பழைய யோசனையோடு இன்னொரு வாய் குடித்தார்.

"உப்பில்ல" என்றார். "மாப்ளைய நம்பிக் குடிக்கலாம்."