பக்கத்து நம்பர்

கீதாவுக்கு எந்த நம்பர் கொடுப்பது என்று கிருபாசங்கர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இன்னுமா ஆகலீங்க?" என்று கீதா அவன் மேஜை அருகே வந்து நின்றாள். "நாலு வேரியபிள்தானுங்களே கேட்டேன்? நாலு ஏக்கர் தோட்டமா கேட்டுப்போட்டேன்?"

"நல்ல நம்பராப் பாத்துட்டு இருக்கறனுங்க."

நம்பரில் நல்லது கெட்டது என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சிரித்துவிட்டுப் போனாள். கிருபாசங்கருக்கு அதோடு அன்றைய காலை வேலை கெட்டது.

அது 1996. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. நூல் சுற்றும் இயந்திரம் எப்போதாவது ஏடாகூடமான நிலையில் மாட்டிக்கொள்ளுமா என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சோதித்துச் சொல்லும் ஒரு லைப்ரரியை, அதாவது புரோகிராம் தொகுப்பை, அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோமேட்டா லைப்ரரி என்று பெயர். சூலூரில் கிருபாசங்கரின் அம்மா இதைப் பெருமையாகச் சொல்லப்போக, ஆட்டோ ஸ்டாண்டில் வாசகசாலை நடத்துகிறான் போலிருக்கிறது என்று நினைத்த பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாரப் பத்திரிகை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டனுப்பினார்.

வேலை இவ்வளவுதான். நூல் அறுந்ததா, மோட்டார் ஓடுகிறதா, பிரேக் பிடித்ததா என்று ஆம், இல்லை பதில் வரும் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வேரியபிள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் வரிசையில்தான் கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் பாதை இரண்டாகப் பிரிவதால், கேள்விகளின் படம் கிளை விட்டுக்கொண்டே போகும். வரிசை சரியாக அமைந்தால் படம் ஒரு தாளில் அடங்கும். அமையாவிட்டால் கம்ப்யூட்டரின் மெமரி முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும்.

நூல் பகுதியை எழுதுகிறவள் கீதா, பிரேக் பகுதியை எழுதுகிறவன் கிருபாசங்கர். எல்லோருக்கும் நம்பர் கொடுக்கும் பொறுப்பும் அவனுடையது. காதலிக்கிறவனிடம் கொடுக்கக்கூடிய பொறுப்பு இல்லை அது. ஆனால் அவன் காதலிப்பது முதலாளி சென்னகேசவனுக்குத் தெரியாது. கீதாவுக்கே தெரியாது.

சனிக்கிழமை இயந்திரக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் லைப்ரரி ஓடாவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் கீதாவுக்கு இங்கே வேலை இருக்காது. கோபிசெட்டிபாளையத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியாயிற்று. பஸ் ஏறிவிட்டால் கீதா போனது போனதுதான். 

கடைசியில் அவளுடைய நூல் வேரியபிள்களுக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை கொடுத்தான். எல்லோருக்கும் முன்னால் அவள். ஓட்டிப் பார்த்தான். திரையில் கிளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. கிருபாசங்கர் அதைப் பார்க்கவில்லை. அவன் அந்தப் படத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மடை, ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் வாழை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் கீதா நின்று "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். மூன்றாவது மடை தாண்டும்போது கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று.

"நூல் அறுந்தா என்ன செய்யணும்?" என்றான் பக்கத்து மேஜை முகமது ரியாஸ். கோட்டைமேட்டுக்காரன், மோட்டார் பகுதியை எழுதுகிறவன். "மோட்டாரை நிறுத்தணும். ரெண்டுக்கும் சொந்தம் இருக்கு. சொந்தமானது பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தாண்டா படம் சுருங்கும். கீதாவோட நூலை என்னோட மோட்டார் பக்கத்துல வை."

"உன்ற பக்கத்துலயா?"

"மோட்டார் பக்கத்துலடா. என் பக்கத்துல இல்ல."

கிருபாசங்கருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. கீதாவின் நூலையும் ரியாஸின் மோட்டாரையும் அருகருகே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. நடுவில் எச்சரிக்கை விளக்குகள் அத்தனையையும் கொண்டுபோய் நிறுத்தினான். இந்தத் தடவை கம்ப்யூட்டர் இன்னும் சீக்கிரமாக நின்றது.

சென்னகேசவன் வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சந்தோஷமாக இருந்தால் "ஏப்பா கிருபா" என்பார்.

"ஏனுங்க கிருபாசங்கர் சாருங்க," என்றார் இப்போது. "சனிக்கிழமைன்னு ஒண்ணு வருதுங்க. தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுட்டே இப்படி உக்காந்திருக்கறீங்களேங்க, உங்களுக்கு அறிவுங்கறது இருக்குதுங்களாங்க?"

இத்தனை 'ங்க' அந்த ஆபீஸில் அதுவரை யாருக்கும் விழுந்ததில்லை. கிருபாசங்கர் பயந்துபோய் ஒரே மூச்சில் எல்லா நம்பர்களையும் மாற்றினான். ஆனால் பழைய நம்பர்களை நம்பி எழுதிய இடங்களை மாற்ற மறந்துவிட்டான். லைப்ரரி கொஞ்சம்கூட முனகாமல் ஓடி முடித்தது. நூல் அறுந்தால் மோட்டார் இருமடங்கு வேகத்தில் ஓடும், பிரேக் பிடித்தால் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும், எல்லாம் நலம் என்று அறிவித்தது.

"இத மில்லுல மாட்டுனா," என்றான் ரியாஸ், "ஓனர் முதல்ல உன்னத்தான் அறுப்பாரு."

கீதா திரையை எட்டிப் பார்த்தாள். "என்ற நூலை என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "இது ஓடலீன்னா எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாருங்க."

அதுவரை கனவில் இருந்தவன் முழுசாக விழித்தது அப்போதுதான். நம்பர் கொடுக்கிற வேலையைத் தன்னிடமிருந்தே பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தான். வரிசையை லைப்ரரியே மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வேரியபிளையும் மேலே தூக்கி, கீழே இறக்கி, படம் எங்கே அதிகம் சுருங்குகிறதோ அங்கே விட்டுவிட வேண்டியது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

வெளியே ஆடிக் காற்று அடித்தது. கடைப் பலகைகள் தடதடத்தன, எங்கிருந்தோ ஒரு தூறல் ஜன்னல் கம்பியை நனைத்துவிட்டுப் போயிற்று. திரையில் வேரியபிள்கள் ஏறி இறங்கின. கிருபாசங்கருக்கு மடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்வது தெரிந்தது. வாய்க்கால்கள் ஒன்றில் ஒன்று கலந்தன. கடைசியில் ஒரே வரப்புதான் மிஞ்சியது. அதில் எதிரே வந்தவள் ஒதுங்க இடமில்லாமல் அவனுக்கு முன்னால் நின்றாள்.

"டேய், சுருங்கிருச்சுடா!" என்று ரியாஸ் தோளை உலுக்கினான்.

படம் ஒரு தாளில் அடங்கியிருந்தது. கிருபாசங்கர் வரிசையைப் பார்த்தான். கீதாவின் நூல். அதற்கு அடுத்து, இடையில் யாருமில்லாமல், அவனே எழுதிய பிரேக்.

"நான் வெக்கலடா," என்றான் மெதுவாக. "அதுவா வெச்சிருக்குது."

"நூல் அறுந்தா பிரேக் புடிக்கணும்ல? வேற எங்க வைக்கும்?"

ரியாஸ் சொன்னது அவன் காதில் விழவில்லை. அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். ஒவ்வொரு முறையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை லைப்ரரி அழகாக ஓடியது. வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். சென்னகேசவன் "ஏப்பா கிருபா" என்று கூப்பிட்டார். கீதா எல்லோரையும் மறுநாள் கோபியில் தங்கள் தோட்டத்துக்குச் சாப்பிட அழைத்தாள்.

வேனில் போகும்போது கிருபாசங்கர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். பெண் கேட்பதை அம்மாவிடம் சொல்லி, அம்மா மாமாவிடம் சொல்லி, மாமா நல்ல நாள் பார்ப்பதற்குள் யாராவது முந்திவிடுவார்கள். இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். ரியாஸிடம் மட்டும் சொன்னான்.

"வேலை இருக்கு, ஆளும் யோக்கியன்," என்றான் ரியாஸ். "வேற என்ன கேக்கப் போறாங்க? தைரியமாக் கேளு."

கோபியில் வாய்க்கால் கரை நிறையத் தண்ணீர் போயிற்று. வாழையும் நெல்லும் தென்னையுமாக, கனவில் கண்டதில் ஒன்றுகூடக் குறையவில்லை. கிருபாசங்கருக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. இலை போட்டு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். கீதாவின் அம்மா நாச்சியம்மாள் சோறு போட்டாள். கீதா பாயாசத் தூக்கோடு பின்னால் வந்தாள்.

"அம்மணி அங்க என்ன வேலை செய்யுதுன்னே எங்களுக்கு வெளங்கலீங்க தம்பி," என்றார் அவள் அப்பா செங்கோடன். "நீங்கதான் சொல்லோணும்."

கிருபாசங்கர் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்குதுங்க. அந்த வரிசைய இப்ப கம்ப்யூட்டரே பாத்துக்குதுங்க. எதுக்கும் எதுக்கும் சொந்தமோ, அதையெல்லாம் கண்டுபுடிச்சு, பக்கத்துல பக்கத்துல கொண்டாந்து வெச்சுப்போடுமுங்க."

"அட! கம்ப்யூட்டரு சொந்தமெல்லாம் பாக்குதுங்களா?"

"பாக்குதுங்க. அது..." இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "உங்க அம்மணியோட நம்பரையும் என்ற நம்பரையும் அதுதானுங்க பக்கத்துல வெச்சுது. எத்தன தடவ ஓட்டியும் மாறலீங்க. அதனால, அம்மணிய எனக்குக் கட்டிக் குடுப்பீங்களான்னு கேக்கலாமுன்னு இருக்கறனுங்க."

ரியாஸுக்குப் புரையேறியது. சென்னகேசவன் அப்பளத்தைக் கடித்த வாயை மூடவில்லை. கீதா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை, கிருபாசங்கர் அதை நன்றாகப் பார்த்தான். செங்கோடன் மீசையைத் தடவிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

நாச்சியம்மாள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன கூட்டமுங்க தம்பி?" என்று குலத்தை விசாரித்தாள்.

சுலபமான கேள்வியாக இருந்ததில் அவனுக்கு நிம்மதி. "ஆந்தை கூட்டமுங்க," என்றான் உற்சாகமாக.

நாச்சியம்மாளின் முகம் மலர்ந்தது.

"அப்ப கம்ப்யூட்டரு சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்குது! நாங்களும் ஆந்தை கூட்டந்தானுங்க, பங்காளி மொறையாகுதுங்க. அம்மணி, பாத்துட்டே நிக்கிறயே, உங்கண்ணனுக்கு இன்னுங் கொஞ்சம் பாயாசம் ஊத்து!"