பயாஸ் அண்ணாச்சியும் செல்வினின் கம்ப்யூட்டரும்

பயாஸ் அண்ணாச்சியை விரும்பி வீட்டுக்குள் அழைத்தவர் தூத்துக்குடியில் ஒருவர்கூடக் கிடையாது. அழைத்தால் ஸ்குரூ டிரைவரோடு வருவார். காபி ஆறுவதற்குள் உங்கள் கம்ப்யூட்டரின் மூடி கழன்று கிடக்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் தான் விழித்து, பிறகு மற்ற பாகங்களை எழுப்புகிற நிரலுக்கு பயாஸ் என்று பெயர். மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் அது குடியிருக்கும். எந்தப் பழைய பெட்டியைக் கண்டாலும் உள்ளே என்ன போர்டு, என்ன பயாஸ், எந்த வெர்ஷன் என்று தெரியாமல் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். "மேல ஒட்டியிருக்க பேர நம்பாதீங்க. சட்டையப் பாத்து ஆளச் சொல்லுவீங்களா?" என்பார்.

என் அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரங்கல் நோட்டீஸ் அடிக்க உள்ளே என் தம்பி கம்ப்யூட்டரைப் போட்டான். அது நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு பீப் என்று கத்தியது. அண்ணாச்சியின் பிடி தளர்ந்தது.

"அப்பா தங்கமான மனுசன்" என்றார். "டிஸ்ப்ளே கார்டு சரியா உக்காரல. ஒரு நிமிசம், வந்துருதேன்."

நோட்டீஸ் அடித்து முடியும்வரை துக்கம் காத்திருந்தது.

அப்புறம் அந்த மார்கழி வெள்ளம் வந்தது. வடிந்தபோது, அண்ணாச்சி ஆயுளெல்லாம் சேர்த்த பழைய மெஷின்கள் சேற்றில் கிடந்தன. பரணில் இருந்த ஒன்றுதான் தப்பியது. தெருமுனை பிரவுசிங் சென்டரின் பெட்டிகளும் பிலோமி அக்கா வீட்டுப் பெட்டியும் அதே குவியலில் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் கிடந்தன. அள்ளிப்போக லாரி வந்து நின்றது.

பிலோமி அக்காவின் மகன் செல்வின் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போனவன். தோணி மூழ்கியது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"மத்ததெல்லாம் போட்டும் அண்ணாச்சி" என்றார் அக்கா. "எம்புள்ள தொட்டது எதுன்னு மட்டும் சொல்லிருங்க."

அண்ணாச்சி குவியல் முன்னால் குந்தினார். "ஹார்டு டிஸ்க்கெல்லாம் போச்சு பிலோமி. ஆனா அவன் பயாஸ் பழைய வெர்ஷன். மத்த பெட்டிக்கெல்லாம் நானே புதுச ஏத்திட்டேன். அவனுக்கும் புதுச ஏத்தித் தாரேன்னு எத்தனையோ மட்டம் சொன்னேன். வேண்டாம் மாமான்னு சிரிச்சிட்டுப் போயிருவான்."

பரணில் தப்பியதும் செல்வினுடையதைப் போன்ற போர்டுதான். சேற்றுப் பெட்டிகளிலிருந்து சிப்புகளைப் பிடுங்கி, ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாக அதில் பொருத்திப் பார்த்தார். சிலது செத்திருந்தது. சிலது புது வெர்ஷன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஏலே, பொறுலே" என்றார் அண்ணாச்சி, தலை நிமிராமல்.

அடுத்த சிப்புக்குத் திரை ஒளிர்ந்தது. பழைய வெர்ஷன் எண் வந்தது. மேல் மூலையில், கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், கோணல்மாணலாக ஒரு சின்னப் படம். ஒரு பெண்ணின் முகம். காதில் பெரிய கம்மல், அதைவிடப் பெரிய மூக்கு.

"நாந்தான்" என்றார் பிலோமி அக்கா. "இந்த மூக்க வச்சித்தான் என்னக் கேலி பண்ணிட்டே கெடப்பான்." சிரித்தார். சிரித்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனே வரஞ்சு சிப்புக்குள்ள வச்சிருக்கான். புதுச ஏத்தியிருந்தா இது அழிஞ்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "அதான் பய வேண்டாம்னுருக்கான்."

யாருக்கும் ஒரு ஸ்குரூகூட இரவல் தராத மனிதர், மிஞ்சியிருந்த அந்த ஒரே மெஷினைச் சிப்போடும் மானிட்டரோடும் தானே சுமந்துபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அவருடைய மற்ற மெஷின்களை லாரி அள்ளிக்கொண்டு போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உங்களுக்குன்னு ஒண்ணுமில்லாமப் போச்சே அண்ணாச்சி" என்றேன்.

"எனக்கென்னலே. என் பெட்டிகள்ல யார் மொகம் இருந்துச்சு?" என்றார். ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிவிட்டு வாசலில் உட்கார்ந்தார்.

தோளில் கை போட்டேன். தட்டிவிடவில்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.